10 அடி லாரி மாற்றணும்: இசுசுவா, கேன்டரா, ஹினோவா, இல்லை பிக்கப்பா?

#1 பாசிர்பாஞ்சாங்_காய்கறி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நள்ளிரவு 2 மணிக்குக் காய்கறி ஏற்றி, தேக்கா கடைகள், சிராங்கூன் ரோட்டு உணவகங்கள், அப்புறம் உட்லண்ட்ஸ் பக்கம் இரண்டு சமையற்கூடங்கள் என்று காலை 8 மணிக்குள் இறக்கி முடிக்கிற தொழில் என்னுடையது. இருக்கிற 10 அடி லாரிக்கு சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமை) வரும் மார்ச்சில் முடிகிறது.

பத்து வருடத்தில் எட்டு வருடம் குறை சொல்ல முடியாத வண்டி. கடைசி இரண்டு வருடம் படுத்திவிட்டது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் விரைவுச்சாலையில் புகை வடிகட்டி விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் ஊர்ந்தது. ஓரம் கட்டி, வேறு லாரி வந்து சரக்கை மாற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கீரை அத்தனையும் போனது. அதைவிட, 14 வருடமாக என்னிடம் வாங்கும் ஒரு உணவகத்துக்கு தீபாவளி வாரத்தில் சரக்கு போய்ச் சேரவில்லை. என்ன பிராண்ட் என்று எழுதவில்லை, அது நியாயமாக இருக்காது; வண்டியை நான் வைத்துக்கொண்ட விதமும் காரணமாக இருக்கலாம்.

தினமும் 1,200 முதல் 1,500 கிலோ ஏறும். ஓட்டுநர்கள் இரண்டு பேர், இருவருக்கும் கிளாஸ் 3 உரிமம்தான். சுமை ஏற்றி இறக்க மூன்று தம்பிகள் கூட வருகிறார்கள். மச்சான் "பிக்கப் எடு, லாரி எதற்கு" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 காக்கிபுக்கிட்_பட்டறை

தம்பி, 23 வருசமா லாரிக்கு அடியில படுத்து வேலை பார்க்கிறவன் சொல்றேன். பிராண்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் புகை வடிகட்டியைப் பேசிடுவோம். நீங்க எந்த வண்டி எடுத்தாலும் அது கூடவே வரும்.

சிங்கப்பூர்ல 2018 ஜனவரியிலிருந்து புதுசா பதிவாகிற டீசல் வண்டி எல்லாம் யூரோ 6 புகைத் தரம். புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி உட்கார்ந்து கரியைப் பிடிக்கும். பிடிச்ச கரியை அவ்வப்போது எரிச்சாகணும். அதுக்கு உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு வேணும். நீங்க ஓட்டுற ஓட்டம் எப்படி? சந்தையிலிருந்து தேக்கா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிறுத்து, இறக்கு, அரை கிலோமீட்டர் போ, மறுபடி நிறுத்து. சூடு ஏறுறதுக்குள்ள என்ஜின் அணைஞ்சிடுது. எரிய ஆரம்பிச்ச கரி பாதியில நின்னுடுது. நாலு நாள் இப்படிப் போனா விளக்கு எரியும். ஓட்டுநர் அந்த விளக்கைப் பார்த்தும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு ஓட்டினா, அஞ்சாவது நாள் வண்டி தானா சக்தியைக் குறைச்சுக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்னு நினைக்கிறேன்.

மருந்து சுலபம். வாரத்துல ரெண்டு தடவை வெறும் வண்டியா இருந்தாலும் விரைவுச்சாலையில அரை மணி நேரம் நிக்காம ஓடணும். உட்லண்ட்ஸ் ஓட்டத்தை அதுக்கே பயன்படுத்துங்க. எரிப்பு விளக்கு வந்தா என்ஜினை அணைக்கக்கூடாதுன்னு ரெண்டு ஓட்டுநருக்கும் சொல்லுங்க. எண்ணெய் டின்னுல டிஎச்-2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க; மலிவுன்னு பழைய வகை எண்ணெயை ஊத்தினா அதோட சாம்பலே வடிகட்டியை அடைச்சிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

இப்போ பிராண்டு. இசுசுல என்எச்ஆர்85, என்பிஆர்85 ரெண்டுலயும் உட்கார்ந்திருந்தது 4ஜேஜே1 என்ஜின், 2,999 சிசி. அதே குடும்ப என்ஜின்தான் டி-மேக்ஸ் பிக்கப்லயும் ஓடிச்சு. அதனால இந்த ஊர்ல எந்தத் தெருவுக்குள்ள போனாலும் அந்த என்ஜினைப் பிரிச்சுப் பழகின கை ஒண்ணு இருக்கும். டைமிங் செயின் வேற, பெல்ட் மாத்துற தொல்லை இல்ல.

ஃபூசோ கேன்டர்ல 2010க்குப் பிறகு வந்தது 4பி10, 2,998 சிசி. ஜப்பான் வண்டின்னு பேர், ஆனா என்ஜினோட வேர் இத்தாலியில. ஃபியட் குழுமத்து என்ஜின், ஐவீகோ டெய்லியில இருக்கிற அதே குடும்பம். நல்ல என்ஜின், இதுவும் செயின். டியூவானிக்னு இரட்டை கிளட்ச் கியர் வந்ததும் இதுலதான். லாரி உலகத்துல அதுதான் முதல். ஓட்ட கார் மாதிரி இருக்கும். ஆனா அதைப் பழுது பார்க்கத் தெரிஞ்ச இடத்துக்குத்தான் கொண்டுபோகணும்.

ஹினோ 300ல என்04சி, 4,009 சிசி. ஒரு லிட்டர் அதிகம். குறைஞ்ச சுற்றுலயே இழுக்கும், புக்கிட் தீமா மேட்டுல சுமையோட ஏறுறப்போ வித்தியாசம் காலுக்கே தெரியும். அந்த ஒரு லிட்டருக்கான எடையும் சேர்ந்து வரும். டொயோட்டா டைனாவும் 1999லிருந்து ஹினோ டூட்ரோவோட ஒரே உடம்புதான். இங்க அதிகம் பார்த்த டைனா 150ல மட்டும் டொயோட்டாவோட 1கேடி என்ஜின், 2,982 சிசி. அதுக்கு டைமிங் பெல்ட். பழைய டைனா வாங்குறவங்க பெல்ட் எப்போ மாத்தினதுன்னு ரசீது கேட்காம காசைக் கொடுக்காதீங்க.

என் கையைக் கேட்டா இசுசு. காரணம் அது உசத்திங்கிறது இல்ல. காலையில 4 மணிக்கு நின்னா, 10 மணிக்குள்ள சாமான் கிடைச்சு ஓட வச்சிடலாம்.

#3 நவாரா_2.3

மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஏர்கான் வேலை, பிக்கப் வைத்திருக்கிறேன். ஹைலக்ஸ், நவாரா, டிரைட்டன், டி-மேக்ஸ் எதை எடுத்தாலும் வளாக வாகன நிறுத்துமிடத்தில் கார் மாதிரி நுழையும், ஐந்து பேர் உள்ளே ஏசியில் பெல்ட் போட்டு உட்காரலாம். என் ஆட்கள் மழையில் நனைந்து வேலைக்கு வருவதில்லை. எனக்கு அதுவே போதும்.

நான்கில் எது என்றால், பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள நவாரா ஆள் உட்கார சுகம். இலைப்பட்டை ஸ்பிரிங் உள்ள ஹைலக்ஸும் டி-மேக்ஸும் சுமைக்கு நல்லது, வெறுமையாக ஓடினால் துள்ளும்.

#4 துவாஸ்_ஓட்டுநர்

@நவாரா_2.3 அண்ணே, நீங்க சொல்றது ஏர்கானுக்குச் சரி. இரட்டைக் கதவு பிக்கப்போட தொட்டி நீளம் ஒன்றரை மீட்டர். 10 அடி லாரி மூணு மீட்டர். சந்தையில பாலட்டோட (பெட்டிகளை அடுக்குற மரச்சட்டம்) ஏத்துவாங்க, பிக்கப்ல ஒரு பாலட் வச்சா கதவு மூடாது. சுமையும் ஒரு டன் பக்கம்தான் தாங்கும். அண்ணனுக்கு 1,500 கிலோ வேணும். ரெண்டு தடவை ஓடணும், அப்போ காலை 8 மணி எங்க நிக்கும்?

முன்னாடி மூக்கு நீட்டின வண்டிக்கும் லாரிக்கும் இதுதான் வித்தியாசம். லாரியில என்ஜின் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழ. அதனால வண்டி மொத்த நீளமும் சரக்குக்குக் கிடைக்குது. சிராங்கூன் ரோட்டுப் பின்சந்துல திருப்புறதும் சுலபம்.

எடையைப் பத்தி யாரும் இன்னும் எழுதலையே. கிளாஸ் 3 உரிமத்துக்கு லாரியோட வெற்றெடை 2,500 கிலோவைத் தாண்டக்கூடாது. கடையில காட்டுற தாள்ல எழுதியிருக்கிறது சில நேரம் வெறும் சட்டம், கேபின் எடை. அதுக்கு மேல பலகை, கூண்டு, பின்பக்கத் தூக்கி எல்லாம் ஏறும். தூக்கி மட்டுமே சில நூறு கிலோ. எல்லாம் மாட்டி முடிச்சு எடை போட்டப்போ 2,500 தாண்டி, கிளாஸ் 4 ஓட்டுநர் தேடி அலைஞ்ச முதலாளியை எனக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கு. மொத்த எடை 3,500 கிலோவுக்குள்ள பதிவான வண்டின்னா, கூண்டோட வெற்றெடை 2,150ன்னு வையுங்க. மிச்சம் 1,350. அதுல நாலு ஆள் ஏறினா 250 கிலோ போச்சு. உங்க 1,500 கிலோ சட்டப்படி ஏறவே ஏறாது. அப்போ 14 அடிக்குப் போகணும், 3,500ஐத் தாண்டும். அதுல கிளாஸ் 3க்கு அடங்குறது இருக்கு. ஆனா விரைவுச்சாலையில 70 போனவர் 60ல போகணும், வேகக் கட்டுப்படுத்தி மாட்டணும், இஆர்பி சாலைக் கட்டணம் காரைப்போல ஒன்றரை மடங்கு. 5,000 கிலோவையும் தாண்டினா ராத்திரி நிறுத்த தனிச் சான்றிதழ் வேணும்.

முதல்ல நீங்க நிஜமா எவ்வளவு ஏத்துறீங்கன்னு ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்க.

#5 கணக்குப்புத்தகம்

துவாஸ் நண்பர் சொன்னதோடு ஒரு செய்தி சேர்க்கிறேன். 10 அடியோ 14 அடியோ 24 அடியோ, சரக்கு வண்டி எல்லாமே சிஓஇ-யில் சி பிரிவுதான். 2025இல் அந்தப் பிரிவு பல ஏலங்களில் 60,000 வெள்ளிக்கு மேலேயே நின்றது. வண்டி சிறியது என்பதற்காக அந்தத் தொகை குறையாது. அதனால் "சின்னதா எடுத்தால் மிச்சம்" என்ற எண்ணம் வண்டி விலையில் மட்டும்தான் செல்லும். சுமைக்கு 14 அடி தேவைப்படுகிறது என்றால், அதே சிஓஇ-க்கு 10 அடி எடுப்பது நஷ்டம்.

இன்னொரு வழி, பழைய வண்டிக்கே சிஓஇ புதுப்பிப்பது. கடைசி மூன்று மாத சிஓஇ விலைச் சராசரியைக் கட்டினால் 5 வருடமோ 10 வருடமோ கிடைக்கும். 5 வருடம் எடுத்தால் அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டியைக் கழித்தே ஆகவேண்டும். 10 வயது தாண்டிய லாரி ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகவேண்டும். தீபாவளி வாரத்தில் சாலையில் நின்ற வண்டிக்கு இவ்வளவு பணத்தைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டீசல் செலவில் மூன்று பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தீர்வை லிட்டருக்கு 20 காசு, எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு நாள் வண்டி நின்றால் போகும் காசு ஒரு மாத டீசல் மிச்சத்தை விழுங்கிவிடும்.

#6 மன்னார்குடி_தம்பி

வணக்கம் அண்ணே. இதுவரைக்கும் எழுதின எல்லாரும் முன்னாடி உட்கார்ந்து ஓட்டுறவங்க, வாங்குறவங்க. நான் 11 வருசத்துல 7 வருசம் பின்னாடி உட்கார்ந்து போனவன். இப்போ சூப்பர்வைசர். அதனால எனக்கும் ஒரு வார்த்தை இருக்கு.

பின்னாடி உட்கார்றவனுக்கு இசுசுன்னும் தெரியாது, ஹினோன்னும் தெரியாது. பலகை எவ்வளவு உயரம், ஏற படி இருக்கா, பிடிக்கக் கம்பி இருக்கா, மழைத்திரை கிழிஞ்சிருக்கா, பக்கத்துல உருளுற சாமான் இருக்கா, இதுதான் தெரியும். நீங்க சொன்ன மூணு தம்பிங்க எங்க உட்கார்றாங்க? தக்காளிப் பெட்டிக்கு நடுவுலயா?

சட்டத்துல இருக்கிறதைச் சொல்றேன். 2011லிருந்து ஆள் ஏத்துற லாரிக்குக் கூண்டும் உயரமான பக்கக் கம்பியும் கட்டாயம். ஒரு ஆளுக்கு 8 சதுர அடி இடம் விடணும். 2023 ஜனவரியிலிருந்து மழைத்திரை கட்டாயம், ஓட்டுநரைக் கவனிச்சுக்க ஒரு துணை ஆளையும் நியமிக்கணும். வேலையிடத்துல 6 மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தவர் ஓட்டணும்னா முதல்ல அரை மணி நேரமாவது ஓய்வு. சீட் பெல்ட் மட்டும் இன்னும் இல்ல.

2021 ஏப்ரல்ல பிஐஇ விரைவுச்சாலையில நின்ன டிப்பர் மேல ஆள் ஏத்தின லாரி மோதி ரெண்டு பேர் செத்துப்போனாங்க. அன்னைக்கு எங்க தங்குவிடுதியில யாரும் சரியாச் சாப்பிடல. மறுநாள் காலை 5 மணிக்கு அதே மாதிரி லாரியில ஏறினோம். ஏறுறப்போ எனக்கு முன்னாடி இருந்தவர் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறினார். அதை என்னால மறக்க முடியல.

அண்ணே, புது வண்டி எடுக்கிறீங்க. முடிஞ்சா முன்னாடியே மூணு பேருக்கும் சீட் இருக்கிற மாதிரி யோசிங்க. இரட்டை கேபின் லாரி இருக்கு, பின்வரிசையில ஆள் பெல்ட் போட்டு உட்காரலாம்.

#7 பாசிர்பாஞ்சாங்_காய்கறி

மன்னார்குடி தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆமாம், பெட்டிகளுக்கு நடுவில்தான் உட்கார்கிறார்கள். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுகிறோம், ஆனாலும் நீங்கள் கேட்ட பிறகு அது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பதிவில் அவர்களைப் பற்றி ஒரே வரியில் எழுதிப் போயிருக்கிறேன். இரட்டை கேபின் எடுத்தால் சரக்கு நீளம் குறையுமே, அதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

#8 துவாஸ்_ஓட்டுநர்

குறையும் அண்ணே. கேபின் ரெண்டு வரிசைன்னா ஏறக்குறைய மூணு அடி போயிடும், எடையும் ஏறும். அதுக்குத்தான் 14 அடிச் சட்டத்துல இரட்டை கேபின் போட்டுப் பலகையைச் சின்னதா வச்சுக்கிறாங்க. கிளாஸ் 3க்குள்ள நிக்குமான்னு லாரிக்கு உடம்பு கட்டுறவர்கிட்ட எழுத்துல வாங்குங்க.

#9 ஜூரோங்_மேற்கு

ஹினோ எடுக்க நினைப்பவர்கள் ஒரு செய்தி தெரிந்துகொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே தன் என்ஜின்களின் புகை, எரிபொருள் சோதனைத் தகவல்களைத் திரித்ததை ஒப்புக்கொண்டது. விசாரணையில் அது 2003 வரை பின்னோக்கிப் போனது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் குற்றத்தை ஏற்று 160 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டார்கள். நம்பிப் பத்து வருடம் வைத்திருக்கப்போகிற வண்டி. எனக்கு இது முக்கியம்.

#10 காக்கிபுக்கிட்_பட்டறை

@ஜூரோங்_மேற்கு நீங்க சொன்னது உண்மை, மறைக்க வேண்டியதில்ல. தப்பு தப்புதான். ஆனா அது சோதனைத் தாள்ல செஞ்ச பொய். என் பட்டறைக்கு வர்ற ஹினோ இரும்பு நல்ல இரும்பு. ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பார்க்கணும்னு நான் சொல்வேன், நீங்க ஒத்துக்காம இருக்கலாம்.

எதிர்காலத்துக்கு இதையும் யோசிங்க. ஃபூசோவும் ஹினோவும் ஒரே தாய் நிறுவனத்துக்குக் கீழ போக 2025 ஜூன்ல இறுதி ஒப்பந்தம் போட்டுட்டாங்க. ஃபூசோ பக்கம் டைம்லர், ஹினோ பக்கம் டொயோட்டா. யூடி லாரி நிறுவனம் 2021லேயே இசுசு கைக்குப் போயாச்சு. பத்து வருசம் கழிச்சு எந்த என்ஜினுக்கு சாமான் எந்தக் கடையில கிடைக்கும்ங்கிறது இந்த இணைப்புகளைப் பொறுத்தது.

#11 நவாரா_2.3

யூடியூபில் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, சில்வராடோ எச்டி என்று அமெரிக்காவின் கனரக பிக்கப்களைப் பார்க்கிறேன். 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 6.7 லிட்டர் கம்மின்ஸ், 6.6 லிட்டர் டியூராமேக்ஸ். அந்த இழுவை நம் ஊர்ச் சின்ன லாரி எதிலும் இல்லை. இங்கு ஏன் யாரும் கொண்டுவருவதில்லை?

#12 காக்கிபுக்கிட்_பட்டறை

அவை பெரிய இழுவண்டியை மாட்டி மணிக்கணக்கா மலையேறுற நாட்டுக்குச் செஞ்சது. அகலம் கண்ணாடியை விட்டுட்டே ரெண்டு மீட்டர். ஸ்டீயரிங் இடது பக்கம், இங்க வலது பக்கம்தான். தொட்டி நீளம் நம்ம 10 அடி லாரியைவிடக் குறைவு. நம்ம வேலைக்கு வேணும்ங்கிறது இடம், நூறு தடவை நிறுத்தி எடுக்கிற பிரேக், சின்னத் திருப்பம்.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க வியக்கிற அந்த டியூராமேக்ஸ் பிறந்ததே ஜிஎம்மும் இசுசுவும் 1998ல ஒஹாயோல சேர்ந்து தொடங்கின தொழிற்சாலையில. காக்கி புக்கிட்ல காய்கறி சுமக்கிற பேட்ஜும் அந்த மலையேறுற பிக்கப்போட என்ஜினும் தூரத்துச் சொந்தம். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

#13 உட்லண்ட்ஸ்_அக்கா

மின்சார லாரியையும் ஒரு பார்வை பாருங்கள் தம்பி. ஃபூசோ 2017லேயே இகேன்டர் கொண்டுவந்துவிட்டது. நிறுத்தி நிறுத்தி ஓடும் ஓட்டத்துக்குப் புகை வடிகட்டித் தொல்லையே இல்லை. எங்கள் கேட்டரிங்கில் ஒரு சிறிய மின்சார வேன் ஓடுகிறது, நல்ல வண்டி. ஆனால் இரவு சார்ஜ் போட உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறதா? நீங்கள் வேலை தொடங்குவதே நள்ளிரவில். எங்களுக்குக் கிடங்கு இருப்பதால் முடிந்தது.

#14 பாசிர்பாஞ்சாங்_காய்கறி

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். 1,500 என்று நான் நினைத்தது நான்கு நாளில் 1,640, 1,580, 1,710, 1,490. ஆக நான் இத்தனை வருடம் தெரியாமலே கூடுதலாக ஏற்றியிருக்கிறேன். துவாஸ் அண்ணன் சொல்லாவிட்டால் புது வண்டியிலும் அதையேதான் செய்திருப்பேன்.

சார்ஜ் போட இடம் இல்லாததால் மின்சாரம் இப்போதைக்கு இல்லை, அக்கா. கேன்டரும் இசுசுவும் ஓட்டிப் பார்த்தேன். கேன்டர் ஓட்ட அருமை, என் ஓட்டுநர் ஒருவர் அதைத்தான் கேட்டார். ஆனாலும் 14 அடிச் சட்டத்தில் இரட்டை கேபின் இசுசு என்று முடிவு செய்திருக்கிறேன். காலை 4 மணிக்கு நின்றால் 10 மணிக்குள் ஓடவேண்டும் என்று பட்டறை அண்ணன் எழுதியதுதான் காரணம். 60 கிலோமீட்டர் வேகத்துக்காக அரை மணி நேரம் முன்னால் கிளம்பிக்கொள்கிறோம். மூன்று தம்பிகளும் உள்ளே உட்காருவார்கள்.

உடம்பு கட்டுபவரிடம் புதன்கிழமை போகிறேன். சாமான் ஏற்ற அவர்கள் பலகையில் ஏறித்தானே ஆகவேண்டும். மன்னார்குடி தம்பி, படி எந்த உயரத்தில் கேட்கட்டும்?

#15 மன்னார்குடி_தம்பி

ரொம்ப சந்தோசம் அண்ணே. முதல் படி முழங்காலுக்குக் கீழ இருக்கணும், மடக்குற படியா கேளுங்க, இல்லாட்டி மேட்டுல இடிக்கும். தகடு சொரசொரப்பா இருக்கணும், கீரைத் தண்ணி சொட்டினா வழுக்கும். கைப்பிடிக் கம்பி ரெண்டு பக்கமும் வைக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம்தான் வழக்கமா வைப்பாங்க, பெட்டியை இடது தோள்ல வைக்கிறவன் அப்போ எதைப் பிடிப்பான்? முடிஞ்சா அந்த மூணு பேர்ல ஒருத்தரைக் கூடவே கூட்டிட்டுப் போங்க, ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்க.